வெளிக்கடிகாரம், சரி!

குராமோச்சி தெத்சுரோ ரயில் ஓட்டுகிறவர். ரயில் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தோயாமா வளைகுடாவை ஒட்டிப் போகும் இரண்டு பெட்டி வண்டி. ஒற்றைத் தண்டவாளம், பதினேழு நிலையங்கள், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. இருபத்தொன்பது வருஷமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் வண்டி அதிகபட்சமாகத் தாமதமானது நாற்பது நொடி. அதுவும் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு காட்டாடு தண்டவாளத்தில் நின்றுகொண்டு, 'நீ யார் என்னைக் கேட்க' என்பது போலப் பார்த்ததால். பனிக்காலத்துத் தாமதங்களை அவர் சேர்ப்பதில்லை. அது வானத்தின் தாமதம். ஆட்டின் மேல்தான் தப்பு என்று மேலதிகாரியே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் மனிதருக்கு முகம் சுண்டிப்போகும்.

காலையில் பணிமனையில் ஓட்டுநர்கள் வரிசையாக நிற்பார்கள். சுவரில் தாய்க்கடிகாரம். எல்லோரும் தங்கள் வட்டக் கடிகாரத்தை எடுத்து அதோடு ஒத்துப் பார்த்து, 'சரி' என்று சொன்ன பிறகுதான் வண்டி ஏற முடியும். வண்டியில் அந்தக் கடிகாரம் உட்கார ஒரு பள்ளமே வெட்டி வைத்திருக்கிறது. அப்புறம் வழியெல்லாம் வெள்ளைக் கையுறை மாட்டிய விரலை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். "சிக்னல் பச்சை, சரி!" "கதவு மூடியாச்சு, சரி!" மற்றவர்கள் கையுறையைக் கழற்றும்போது இந்தப் பழக்கத்தையும் கழற்றிவிடுவார்கள். குராமோச்சியால் முடியாது. வீட்டில் காஸ் அடுப்பைப் பார்த்து நீட்டுவார். குளிக்கிற தொட்டியின் தண்ணீரைப் பார்த்து நீட்டுவார். கல்யாணத்தன்று பெண்ணைப் பார்த்து விரல் தானாகக் கிளம்பியதாகவும், பக்கத்தில் இருந்த நுகதா அவர் காலை மிதித்து நிறுத்தியதாகவும் ஒரு கதை உண்டு. நுகதா சொல்லும் கதை என்பதால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

நுகதா அதே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். சிக்னல் பராமரிப்புப் பிரிவு. இளவட்டங்களாக ஒரே விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகும் 'டேய்' போட்டுத்தான் பேச்சு.

மனைவி மசாயோ கடற்கரையோரத்தில் மீனை அரைத்து வேகவைத்துக் கட்டியாக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். குராமோச்சிக்கு விடிகாலை வண்டி இருக்கும் நாளில் நாலு மணிக்கு அலாரம் வைப்பார். இருபத்தாறு வருஷத்தில் அது ஒரு தடவைகூட அடித்ததில்லை. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் மசாயோ இருட்டில் நீளமாக ஒரு மூச்சை இழுத்து, "என்னங்க, மணி நாலு" என்பாள். அந்த மூச்சிலேயே அவருக்கு முழிப்பு வந்துவிடும். மணி சொல்வதெல்லாம் சும்மா மரியாதைக்கு.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பைத்தியம். சமையலறைக்கு அடுத்து, ஆறு பாய் விரிக்கிற அளவு அறையில் இரண்டு ஆளுயர ஒலிபெருக்கிகள், ஒரு ஆம்பிளிஃபயர், ஒரு மாற்றிப்பெட்டி. இந்த மாற்றிப்பெட்டிதான் வினை. சி.டி. இசைத்தட்டில் இருப்பது பாட்டு அல்ல, வெறும் எண்கள். செகண்டுக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் நேரத்தில் வைத்து, திரும்பப் பாட்டாக ஆக்குவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. 'அதனதன் நேரத்தில்' என்று கடைக்காரர் சொன்னபோதே குராமோச்சி விழுந்துவிட்டார். ஒரு செகண்டில் நாற்பத்து நாலாயிரம் வண்டிகள்! எல்லாம் நேரத்துக்கு வந்து நின்று நேரத்துக்குக் கிளம்ப வேண்டும்! இப்படி ஒரு ரயில்வே இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வருத்தம்கூடப் பட்டார்.

அதற்கு ஒரு நோட்டும் போட்டார். ரயில்வே தாமதப் பதிவேட்டின் அதே கட்டங்கள். வண்டி, நேரம், தாமதம், காரணம். வண்டி என்ற இடத்தில் தட்டின் பெயர். கேட்பதும் ஒரு தினுசு. ஒரு தட்டில் பாஸ் வாத்தியம் உறுமுகிற முப்பது செகண்ட். இன்னொன்றில் கோயில் மணியின் முப்பது செகண்ட். மூன்றாவதில் கச்சேரிக்கு வந்த எவளோ ஒரு அம்மாள் இருமுகிற இடம். அந்த இருமல் இடது மூலையிலிருந்து வருகிறதா, இடது மூலைக்குச் சற்று மேலேயிருந்து வருகிறதா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டால் முழிப்பார்.

பக்கத்து ஊரில் ஒருவர் பாட்டுக்குக் கலப்பில்லாத மின்சாரம் வேண்டும் என்று வீட்டு வாசலில் தனி மின்கம்பம் நட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் இவருக்கும் கை அரித்தது.

"நடுங்க," என்றாள் மசாயோ. "நட்டு முடிச்சதும் சொல்லுங்க. உங்களையும் அதுலயே கட்டிடலாம்."

கம்பம் நடப்படவில்லை.

மசாயோவுக்கும் ஒரு பாட்டு இருந்தது. வியாழக்கிழமை தோறும் தொழிற்சாலை விட்டதும் ஊர் மண்டபத்தில் பெண்கள் பாட்டுக்குழு. முப்பது பேர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜூன் மாதத்தில் அந்தக் குழுவின் முப்பதாவது ஆண்டுக் கச்சேரி நடந்தது. குராமோச்சியால் போக முடியவில்லை. ஆறு பன்னிரண்டு வண்டி அவருடையது. முறை மாற்றிக்கொள்வதெல்லாம் அவர் அகராதியில் இல்லை. மாதக் கடைசியில் கச்சேரி இசைத்தட்டாக வந்தது. வீட்டுக்கு ஒன்று. மேலே பளபளவென்று மெல்லிய பிளாஸ்டிக் உறை.

"மூணாவது பாட்டைக் கேளுங்க," என்று நீட்டினாள்.

குராமோச்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கியவர் தலையை ஆட்டினார். "இப்ப வேண்டாம். இந்தப் பெட்டி இன்னும் பதத்துக்கு வரலை. கண்டதைக் கேக்கற மாதிரி உன் குரலைக் கேக்க எனக்கு மனசு வராது. எல்லாம் சரியானதும் முதல் தட்டு இதுதான். கொஞ்சம் பொறு."

ஆசையோடு சொன்ன வார்த்தைதான் அது. மசாயோவுக்கு முகம்கூடச் சிவந்தது. தட்டு அலமாரியில் ஏறியது. அப்புறம் கம்பிகளை மாற்றினார். கம்பிக்குப் பிறகு சுவர் பிளக்கை மாற்றினார். பிளக்குக்குப் பிறகு பெட்டிகளுக்குக் கீழே வைக்கும் மரக்கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் 'இது ஒண்ணு மட்டும் ஆயிடட்டும்' என்றார். இரண்டு வருஷம் நாலு மாதம் ஆயிற்று. தட்டு உறை பிரிக்கப்படாமல் அங்கேயே இருந்தது. மசாயோ வாரம் ஒரு முறை அதைத் தூசி தட்டி வைத்தாள். 'எப்ப போடுவீங்க' என்று கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

ஊரில் சிலர் அவரிடம் வலிய வந்து சொன்னதுண்டு. "மசாயோசான் அபாரம்!" என்றார் நிலைய அதிகாரி, பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' ஒட்டி. "எங்க வீட்டுல அழுதே போயிட்டாங்க," என்றார் தபால்காரர். "குழுவே நல்ல குழுங்க," என்று குனிந்து வணங்கிவிட்டு வந்தார் நம்ம ஆள்.

இந்த அக்டோபரில்தான் தோயாமா ஊருக்குள் இந்தச் சாமான்களுக்குக் கடை வைத்திருக்கும் ஹசேபே ஒரு கடிகாரத்தைக் காட்டினார். பார்க்கச் செங்கல் மாதிரி ஒரு பெட்டி. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை.

"இது மணி காட்டாது, குராமோச்சிசான். துடிக்க மட்டும் செய்யும். உங்க மாற்றிப்பெட்டிக்குள்ள ஒரு சின்னப் படிகம் துடிச்சுக்கிட்டிருக்கு இல்லையா? அதுக்கு இதுதான் குரு. உள்ள இருக்கறது ருபிடியம் அணுக்கடிகாரம்."

"எவ்வளவு பிசகும்?"

"மூவாயிரம் வருஷத்துக்கு ஒரு செகண்ட்."

குராமோச்சி பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார். பணிமனைத் தாய்க்கடிகாரம் மாதத்துக்கு ஒரு தடவை திருத்தப்படுகிற ஜாதி. எந்தக் கடிகாரமானாலும் வெளியே ஒரு பெரிய கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் வேலையில் இறங்க வேண்டும். இது அவருக்கு ரத்தத்தில் ஊறின விஷயம். தன் மாற்றிப்பெட்டி இத்தனை நாளும் யாரோடும் ஒத்துப் பார்க்காமல், தான்தோன்றியாக ஓடிக்கொண்டிருந்ததை நினைக்கவே கூச்சமாக இருந்தது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு வாரம் கேளுங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுங்க," என்றார் ஹசேபே. அந்தக் கடையில் எல்லோருக்கும் அப்படித்தான். குராமோச்சி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தான் ஓட்டாத வண்டியில் பயணியாக வீட்டுக்கு வந்தார்.

கம்பியைச் சொருகியதும் மாற்றிப்பெட்டியின் நெற்றியில் ஒரு நீல விளக்கு எரிந்தது. நிமிர்ந்து நின்று விரலை நீட்டினார். "வெளிக்கடிகாரம், சரி!"

அன்றிலிருந்து தினமும் அதுதான். வேலை முடிந்து வந்ததும் நீல விளக்குக்கு ஒரு விரல், ஒரு 'சரி', அப்புறம் முப்பது முப்பது செகண்டாகக் கேட்டு நோட்டில் எழுதுவது. முகமெல்லாம் களை. மசாயோ பத்து நாள் பார்த்தாள். பதினோராம் நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்.

"எங்க குழுவுல இருக்கற ஒகினுமாசானோட தட்டை அவங்க நாய் கடிச்சுப் போட்டுடுச்சாம். இனிமே புதுசு கிடைக்காது. எங்க வீட்டுல ஒண்ணு பிரிக்காமலே இருக்குன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வந்து வாங்கிக்கறேன்னாங்க."

"எதுக்கு? அது நம்மளுது இல்லையா?"

"கேக்காத தட்டு யாருதா இருந்தா என்னங்க?"

கோபமே இல்லாமல் சொன்னாள். முள்ளங்கியை வாயில் போட்டுக்கொண்டாள். குராமோச்சிக்கு அந்தக் கோபமில்லாததுதான் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் ஒரு வாரம் வாய்தா கேட்டிருக்கலாம்.

மறுநாள் பணிமனைச் சாப்பாட்டு அறையில் நுகதாவிடம் புலம்பினார். தட்டைப் பற்றி ஒரு வரி, கடிகாரத்தைப் பற்றி அரை மணி. நுகதா சோற்றுப் பெட்டியைக் காலி செய்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் வண்டியை நீ ஒருத்தன்தானேடா ஓட்டறே?"

"ஆமா."

"பக்கத்துல ஒருத்தன் நின்னுக்கிட்டுச் செகண்டுக்குச் செகண்ட் உன் காதுல மணி சொல்லிக்கிட்டே வந்தா?"

"கதவைத் திறந்து தள்ளிடுவேன்."

"அதத்தான் நீ அந்தப் பெட்டிக்குச் செய்யறே. வேலை நடக்கற இடத்துக்குப் பக்கத்துலயே உள்ள ஒரு படிகம் இருக்கு. அது நடுங்காமத் துடிச்சாப் போதும். நீ வெளியேருந்து கம்பி போட்டு இன்னொரு துடிப்பை அனுப்பறே. அது வர வழியில கண்ட குப்பையையும் சேத்துக்கிட்டு வருது. உள்ள இருக்கற பாவம் அதைப் பாத்துப் பாத்துத் தன்னைத் திருத்திக்கணும். நல்ல பெட்டியா இருந்தா பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா எதுக்கு?"

"அப்ப தாய்க்கடிகாரம் எதுக்கு வெச்சிருக்கான்?"

"எதிர்வண்டி வருதுல்ல, அதுக்கு! ஸ்டுடியோல பத்துப் பெட்டி ஒண்ணா ஓடணும்னா வெளிக்கடிகாரம் வேணும். இல்லேன்னா ஒண்ணோட ஒண்ணு முட்டும். உங்க வீட்டுல எத்தனை பெட்டி?"

"ஒண்ணு."

"மூவாயிரம் வருஷத்துக்கு ஒரு செகண்ட். நீ கேக்கற பாட்டு எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்." யோசித்து, "அதுல முப்பது செகண்ட்," என்று திருத்தினார்.

நுகதா கையெடுத்துக் கும்பிடாத குறை. ஆனால் குராமோச்சி பிடி கொடுக்கவில்லை. "நீ என்ன வேணா சொல்லு. என் காதுக்குத் தெரியுது."

"அப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். பெட்டிக்கு முன்னால துணி கட்டிடுவோம். நான் பின்னால உக்காந்து மாத்தி மாத்திப் போடறேன். பத்துத் தடவை. எது உள்ள, எது வெளியன்னு நீ சொல்லணும்."

"எட்டுக்குக் குறைஞ்சா பெட்டியைத் திங்கக்கிழமையே திருப்பிடறேன்," என்றார் குராமோச்சி. எட்டுக்கு மேல் வந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம்; ஒகினுமா வருவதற்குள் மசாயோவின் தட்டைக் கேட்டுவிடலாம். அவர் போட்ட கால அட்டவணை அப்படி.

ஞாயிற்றுக்கிழமை நுகதா படுக்கைவிரிப்பும் டார்ச்சுமாக வந்தார். சமையலறையில் மசாயோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். குராமோச்சி நிமிர்ந்து, விரலை நீட்டி, "வெளிக்கடிகாரம், சரி!" என்றார். நுகதா பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டார். விட்ட தலை வெகுநேரம் வெளியே வரவில்லை.

"டேய், இந்த நீல விளக்கு எதுக்கு எரியுது?"

"வெளிக்கடிகாரத்துல ஓடுதுன்னு."

"இல்ல. வெளிக்கடிகாரம் வாசல்ல வந்து நிக்குதுன்னு. உள்ள விடறதுக்குப் பின்னால ஒரு சுவிட்ச் இருக்கு." டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது. "இது 'உள்'ளுல இருக்குடா."

சமையலறையில் கத்தி நின்றுவிட்டது.

"எப்பலேருந்து?" என்றார் குராமோச்சி, பதில் தெரிந்த குரலில்.

"நீ வாங்கின நாள்லேருந்து. தூசி கூடக் கலையலை."

பதின்மூன்று நாள். பதின்மூன்று நாளும் வெள்ளைக் கையுறை மட்டும்தான் குறை. மற்றபடி முறைப்படி நின்று, முறைப்படி விரல் நீட்டி, தப்பான விளக்கைப் பார்த்து 'சரி' சொல்லியிருக்கிறார். சிக்னலைப் பார்க்காமல் ஸ்டேஷன் மாஸ்டரின் சைக்கிள் விளக்கைப் பார்த்து வண்டியெடுத்த மாதிரி. காட்டாட்டின் நாற்பது நொடி இதற்கு முன்னால் கால்தூசி. நுகதா இரக்கமே இல்லாமல் நோட்டை எடுத்து உரக்கப் படித்தார்.

"முதல் நாள்: பாஸ் வாத்தியத்தின் அடிவயிறு தெரிகிறது. அடடா. மூணாம் நாள்: பாடகி அரையடி முன்னால் வந்துவிட்டார். ஏழாம் நாள்: இன்னும் அரையடி." நோட்டை மூடினார். "நல்லவேளை இன்னைக்கு வந்தேன். இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா அந்தம்மா உன் மடியில உக்காந்திருப்பாங்க. மசாயோசான், கேட்டீங்களா?"

"கேக்குது, கேக்குது," என்றது சமையலறை.

குராமோச்சியின் காது மடல் சிவந்திருந்தது. இன்னொருவராக இருந்தால் தலைவலி என்று படுத்திருப்பார். இவர் பாயில் மறுபடி உட்கார்ந்தார். "சோதனையைப் போடு. சுவிட்சுல தப்பு பண்ணினேன். காதுல பண்ணலை."

"சரி. ஆனா உனக்கு மனப்பாடமான தட்டு வேண்டாம். இருமல் அம்மாவும் வேண்டாம். கேக்காத தட்டு எதாவது குடு."

அந்த வீட்டில் கேட்காத தட்டு ஒன்றே ஒன்றுதான். குராமோச்சி வாயைத் திறப்பதற்குள் மசாயோ கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அலமாரியிலிருந்து எடுத்தாள். நகத்தால் உறையைக் கீறினாள். அந்தச் சின்னச் சத்தம் குராமோச்சிக்கு எங்கேயோ குத்தியது.

"இது இதுக்கில்ல," என்றார். "இதை எல்லாம் சரியானப்புறம்..."

"ஒகினுமாசான் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு," என்று தட்டை நுகதாவிடம் கொடுத்தாள். "மூணாவது பாட்டு." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

விரிப்பு கட்டப்பட்டது. குராமோச்சி கையில் பென்சிலும் ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்ட தாளும். விரிப்புக்குப் பின்னால் நுகதா நாணயம் சுண்டும் சத்தம். பாட்டு தொடங்கியது. முப்பது பெண்கள், அலை மேலேறி வருகிற மாதிரி ஒன்றாகப் பாடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தார்கள். தணிந்து அடங்கிய இடத்தில் 'டக்'கென்று நின்றது.

"முப்பது செகண்ட். சொல்லு."

"வெளி." எழுதினார்.

மறுபடி முதலிலிருந்து. அலை எழுந்து, தணிந்து, டக். "உள்." மறுபடி. டக். மூன்றாவதிலும் நாலாவதிலும் அவர் இருமல் அம்மாளைத் தேடுவது போல மூலை மூலையாகத் துழாவினார். வித்தியாசம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஐந்தாவது தடவை வேறொன்று காதில் பட்டது. பாட்டில் அல்ல, சமையலறையில். டக்டக்கென்று ஓடுகிற கத்தி, பாட்டு தணிகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. பாட்டு அறுந்ததும் சற்றுப் பொறுத்து மறுபடி ஓடுகிறது. ஆறாவது தடவையும் அப்படியே. அவள் எதற்கோ காத்திருக்கிறாள். அது வருவதற்குள் இவர்கள் நிறுத்திவிடுகிறார்கள்.

ஏழாவது தடவை குராமோச்சி மூலைகளைத் தேடவில்லை. பாட்டு தணிந்தது. கத்தி நின்றது. குரல்கள் அடங்கிய அந்த இடத்தில், அறுபடுவதற்கு முன்னால், யாரோ நீளமாக ஒரு மூச்சை இழுத்தார்கள்.

என்னங்க, மணி நாலு.

"நிறுத்தாதே!" என்று கத்தினார். விரல் தானாக நீண்டிருந்தது. "நிறுத்தாதடா!"

நுகதா நிறுத்தவில்லை. அந்த மூச்சிலிருந்து ஒரே ஒரு குரல் எழுந்தது. பின்னால் யாரும் இல்லை, வாத்தியமும் இல்லை. மசாயோ. பெரிய குரல் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி பாடினாள். அவசரப்படவில்லை. ஒரு இடத்தில் நின்று, வேண்டிய மட்டும் நின்று, பிறகு மெதுவாக இறங்கி வந்தாள். அவள் முடித்த பிறகு மற்ற இருபத்தொன்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். பென்சில் பாயில் உருண்டு கிடந்தது. குராமோச்சிக்கு எதிரே இருந்த ஒலிபெருக்கிகள் கலங்கலாகத் தெரிந்தன. அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். அதை மறைக்கவும் இல்லை.

பாட்டு முடிந்ததும் விரிப்புக்குப் பின்னாலிருந்து நுகதா மெதுவாகச் சொன்னார். "ஆறுல மூணு சரி, மூணு தப்பு. நான் சுண்டின காசும் அதே அளவுக்குச் சொல்லும். கடைசியா ஓடினது எதுன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்." மூக்கை உறிஞ்சினார். "நீ இந்தப் பாட்டை முன்னாலயே கேட்டிருக்கியா?"

"கச்சேரியில முதல் வரிசைடா நான். தட்டும் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்."

"அப்ப தெரிஞ்சேதான் அந்த இடத்துல வெட்டினியா?"

"சிக்னல்காரன்டா. எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதா?" நுகதா விரிப்பை மடித்துக்கொண்டு, சிகரெட் பிடிக்கிற சாக்கில் வாசலுக்குப் போனார். அவர் சிகரெட்டை விட்டு ஆறு வருஷம் ஆகிறது.

மசாயோ கதவருகே நின்றாள். கை ஈரம். முகத்தில் ஒரு பயம் இருந்தது. இரண்டு வருஷம் நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த பயம்.

"எப்படி இருந்தது?"

குராமோச்சிக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னார். "ஒரு இடத்துல பதினோரு செகண்ட் இழுத்தே."

"கேட்டீங்களா, அளந்தீங்களா?"

"ரெண்டும்."

அவள் சிரித்துவிட்டாள். "அந்த இடத்துல ஆசிரியர் கையைக் கீழ போட்டுடுவார். 'இங்க நான் தாளம் காட்ட மாட்டேன், உங்க நேரத்துக்குப் பாடுங்க'ன்னுட்டார். முதல்ல பயமா இருந்தது. அப்புறம் பழகிடுச்சு."

"நீ தனியா பாடினேன்னு எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன இருக்கு? நீங்களா கேட்டு, 'அட, நீயா!'ன்னு கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"ஊருக்கே தெரியுமா?"

"தபால்காரர் உட்பட."

குராமோச்சி நோட்டை இழுத்துப் பிரித்தார். பாடகி அரையடி, அடிவயிறு எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு போட்டு, ஒழுங்கான கையெழுத்தில் கட்டம் கட்டமாக எழுதினார். மசாயோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வண்டி: மூன்றாவது பாட்டு. தாமதம்: இரண்டு வருஷம் நாலு மாதம். காரணம் என்ற கட்டத்தில் பென்சில் கொஞ்சம் நின்றது. பிறகு 'ஓட்டுநர்' என்று எழுதினார்.

"வண்டி லேட்டானா அறிவிப்பு சொல்லுவீங்களே," என்றாள் மசாயோ. "அது எங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் குராமோச்சி எழுந்துவிட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக நின்று, இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்து, இருபத்தொன்பது வருஷமாக ஒலிபெருக்கியில் சொல்லிப் பழகிய அதே குரலில் தொடங்கினார்.

"பயணிகளின் கனிவான கவனத்துக்கு. மூன்றாவது பாட்டு, இரண்டு வருஷம் நாலு மாதம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது. இதனால் உங்களுக்கு ஏற்பட்ட..."

அதற்கு மேல் குரல் வரவில்லை. காட்டாட்டுக்காகக்கூடத் தடங்கலில்லாமல் சொன்ன வாக்கியம். மசாயோ அவசரப்படுத்தவில்லை. அவர் நேரத்துக்கு அவர் சொல்லட்டும் என்று நின்றாள்.

"...சிரமத்துக்கு வருந்துகிறோம்," என்று முடித்தார்.

வாசலிலிருந்து நுகதாவின் குரல் கேட்டது. "டேய், ஒகினுமாசான் சைக்கிள்ல வராங்க! என்ன சொல்றது?"

"நாய் தின்னது தின்னதுதான்னு சொல்லு!"

"வேணும்னா உங்க தட்டைக் குடுத்துடுங்க நுகதாசான்," என்றாள் மசாயோ, உரக்க. "நீங்கதான் முதல் வரிசையில கேட்டாச்சே!" பிறகு பாயில், குராமோச்சி வழக்கமாகத் தனியாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முள்ளங்கி பாதி நறுக்கியபடியே கிடந்தது.

"முதல் பாட்டுலேருந்து போடுங்க," என்றாள்.

போட்டார். நீல விளக்கு எரிகிறதா, சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த அறையில் ஒரு தட்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஓடியது.